ஏரியில் அடித்த ஹார்ன்

போன ஞாயிற்றுக்கிழமை நான் ஏரியில் பைக் ஓட்டினேன்.

ஏரிக்கரையில் இல்லை. ஏரியில். சுற்றிலும் தண்ணீர், தலையில் ஹெல்மெட், கையில் ஆக்ஸிலரேட்டர், எதிரே ஒரு கூழைக்கடாப் பறவை. ஹார்ன் அடித்தேன். அது ஒதுங்கி வழிவிட்டது.

நம்பவில்லையா? என் மனைவி பூங்கொடி சாட்சி. நான் எழுதுவதில் பாதிப் பொய் என்று வாராவாரம் சொல்கிறவள், இந்த வாரம் மட்டும் "ஒரு எழுத்து மாத்தாம அப்டியே எழுதுங்க, ஊரே சிரிக்கட்டும்" என்று உத்தரவு போட்டிருக்கிறாள். ஆகவே...

இந்தப் பத்தியை விடாமல் படிப்பவர்களுக்கு என் இடது முழங்கால் தூரத்துச் சொந்தக்காரர் மாதிரி. அது வலித்தது, வீங்கியது, மாடிப்படியைப் பார்த்தாலே அழுதது, கடைசியில் சென்னையில் போய்ப் பழசைக் கழற்றிவிட்டுப் புதுசு மாட்டிக்கொண்டது — எல்லாம் எழுதித் தீர்த்துவிட்டேன். புதிதாக வந்திருப்பவர்களுக்கு ஒரு வரி: எனக்கு ஐம்பத்து நாலு வயது, என் இடது முட்டிக்கு இன்னும் முதல் பிறந்தநாளே வரவில்லை.

குழந்தை நன்றாகத்தான் இருக்கிறது. நடக்கிறது. படி ஏறுகிறது. எங்கள் தோணிரேவிலிருந்து பழவேற்காடு கடைத்தெரு வரைக்கும் போய் டீ குடித்துவிட்டு வருகிறது. ஒன்றே ஒன்றுதான் பாக்கி இருந்தது.

பைக்.

யோசித்துப் பாருங்கள். வண்டியில் ஏறும்போது மொத்த உடம்பையும் தாங்குவது எந்தக் கால்? இடது. கியர் போடுவது? இடது. நிறுத்தும்போது பெரும்பாலும் ரோட்டில் ஊன்றுவது? அதே இடது. பைக் ஓட்டுவதே இடது காலின் வேலைதான். மற்ற உறுப்புகள் எல்லாம் துணைக்கு வருகின்றன, அவ்வளவுதான்.

ஓட்டுவதில்கூட எனக்குப் பயம் இல்லை. நிறுத்துவதில்தான். பிரேக் பிடிப்பேன், கால் ஊன்றுவேன், "மளுக்" என்று ஒரு சத்தம் வரும், நான் ரோட்டின் மேல், வண்டி என் மேல்... இந்தக் காட்சி என் தலைக்குள் வசூல் குறையாமல் ஓடிக்கொண்டே இருந்தது. டிக்கெட் வாங்கியவன் நான் ஒருவன்தான். ஆனால் எல்லாக் காட்சியும் ஹவுஸ்ஃபுல்.

இது போதாதென்று இன்னொரு பீதி. எங்கள் ஏரிக்கரையில் இரும்பு என்று ஒரு பொருள் நிலைக்காது. உப்புக் காற்று. ஜன்னல் கம்பி, சைக்கிள் செயின், கேட்டு, பூட்டு — எல்லாம் வாங்கின மறு மழைக்காலமே பழுப்பு நிறம். என் பைக் கறுப்பு. துருவையும் சேர்த்தால் இரண்டு கலர். இப்படிப்பட்ட ஊரில் காலுக்குள் உலோகத்தை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் நிம்மதியாக இருக்க முடியுமா?

நான் இருக்கவில்லை. ஏரிப்பக்கம் போய்விட்டு வந்தால் இங்கே வண்டியை நல்ல தண்ணீர் விட்டுக் கழுவி, லேசாக எண்ணெய் தடவி வைப்போம். அதையே முட்டிக்கும் செய்ய ஆரம்பித்தேன். குழாயடியில் உட்கார்ந்து முட்டியைக் கழுவித் துடைத்துத் தேங்காய் எண்ணெய் பூசிக்கொண்டிருந்தபோது பூங்கொடி பார்த்துவிட்டாள்.

"இன்னா பண்றீங்க?"

"துருப் பிடிக்கக் கூடாதுல்ல..."

அவள் எண்ணெய்க் கிண்ணத்தைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போனாள். செக்கப் நாளில் டாக்டரிடம் நேராகப் போட்டுக்கொடுத்துவிட்டாள். அந்த டாக்டர் சிரிக்கவே மாட்டார், அன்றைக்குச் சிரித்தார்.

"சார், உங்க ரத்தமே உப்புதான். உள்ள வெச்சிருக்கிறது அந்த உப்புலயே ஊறிக்கிட்டு இருக்கணும்னு செஞ்சது. பழவேற்காட்டுக் காத்து அத ஒண்ணும் பண்ணாது."

சரி, துரு போயிற்று. அடுத்து நான் அந்த அறைக்கு வந்த உண்மையான காரியத்துக்கு வந்தேன். முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, "பைக் மட்டும்... இனிமே வாழ்க்கைல முடியாதுல்ல டாக்டர்?" என்றேன். கேள்வியிலேயே பதிலையும் வைத்து ஊட்டிவிட்டேன். மனிதர் "முடியாது" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆயுசுக்கும் கவலை விட்டது.

அவர் என் காலை மடக்கிப் பார்த்தார். நீட்டிப் பார்த்தார். ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார். "கிக்கர் உதைக்க வேணாம். செல்ஃப் ஸ்டார்ட்தானே? தாராளமா ஓட்டுங்க" என்றார்.

"எப்பலேர்ந்து டாக்டர்?"

"இன்னிலேர்ந்தே."

துரோகி!

இந்த இடத்தில் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். நாம் டாக்டரிடமும் ஜோசியரிடமும் ஆபீஸ் மேனேஜரிடமும் போய் நிற்கும்போது, அனுமதி கேட்கத்தான் போகிறோம் என்று நினைக்கிறீர்களா? பாதி நேரம் நாம் கேட்டுப் போவது தடை. யாராவது ஒருவர் "கூடாது" என்று சொல்லிவிட்டால் பயத்துக்கு ஒரு மரியாதையான சட்டை கிடைத்துவிடும் பாருங்கள். "எனக்கு ஆசைதான், டாக்டர்தான் விட மாட்டேங்கிறார்!" எவ்வளவு கௌரவமான வசனம்! அந்த வசனத்தை அந்த மனிதர் என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டார். அதுவும் மனைவியை வைத்துக்கொண்டு.

அன்றிலிருந்து வீட்டில் தினமும் ஒரே கேள்வி. "இன்னிக்கு எடுக்கறீங்களா?"

"இன்னிக்குக் காத்து ஜாஸ்தி." "இன்னிக்கு டயர்ல காத்து கம்மி." "இன்னிக்கு ரோட்டுல மாடு." — என் பதில்களில் வானிலையும் கால்நடையும் மாறி மாறி வரும்.

இதற்கிடையில் என் போக்குவரத்து? பூங்கொடிக்குப் பழவேற்காட்டில் தையல் கடை. அவளிடம் ஒரு ஸ்கூட்டி. அதில் அவள் ஓட்ட, நான் பின்னால். காலையில் என்னைப் பொன்னேரி பஸ்ஸில் ஏற்றிவிடுவாள், சாயங்காலம் வந்து அழைத்துப் போவாள். பின்சீட்டில் நான் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மடியில் டிபன் பாக்ஸோடு... வலை காயப் போடும் இடத்தைத் தாண்டும்போதெல்லாம் ஒரு குரல் வரும்.

"இன்னாண்ணே, பின்சீட்டு மஜாவா கீதா?"

கையை ஆட்டுவேன். ஒரு கையைத்தான். இன்னொரு கை கம்பியில்.

இப்படி இருக்கும்போதுதான் என் மச்சான் ஏழுமலை வீட்டுக்கு வந்தான். பூங்கொடியின் தம்பி, ஏரிக்கு அக்கரையில் ஒரு குப்பத்தில் இருக்கிறான், இறால் பிடிக்கிறவன். சாப்பிட்டுக்கொண்டே, வாசலில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்த வண்டியைப் பார்த்து, "இன்னா மாமா, பொணம் மாறி மூடி வெச்சிக்கீறே?" என்றான்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ரோஷம் வந்தால் சிலர் சண்டை போடுவார்கள். நான் தர்மம் செய்வேன்.

"நீ எடுத்துக்க மச்சான்! உனக்குத்தான். நல்லா ஓட்டு. எனக்கு எதுக்கு இனிமே?"

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. பூங்கொடியின் கை சாம்பார்க் கரண்டியோடு அந்தரத்தில் நின்றது. ஏழுமலை அக்காவைப் பார்த்தான், அக்கா தம்பியைப் பார்த்தாள். பிறகு அவன், "சரி மாமா, ஞாயித்துக்கெழம வந்து எடுத்துக்கறேன்" என்றான்.

வாய் தவறி விழுந்த சொல். ஆனால் மச்சானிடம் கொடுத்த சொல். எப்படித் திரும்ப வாங்குவது?

அடுத்த சில நாளில் பூங்கொடி மெக்கானிக்கை வரவழைத்தாள். புது பேட்டரி, ஆயில், டயருக்குக் காற்று, டேங்க் நிறையப் பெட்ரோல். "குடுக்கற பொருள சுத்தமா குடுக்கணும்" என்றாள். தார்ப்பாய் நீங்கிய வண்டி வாசலில் பளபளவென்று நின்றது. கல்யாணம் முடிந்து புகுந்த வீட்டுக்குப் புறப்படும் பெண்ணைப் பார்ப்பது மாதிரி நான் அதைப் பார்த்தேன். இந்த வண்டியில்தான் பொன்னேரிக்கு வேலைக்குப் போனேன். இந்த வண்டியில்தான் மழையில் நனைந்தோம். இதன் பின்சீட்டில்தான் பூங்கொடி என் தோளில் கை போட்டுக்கொண்டு ஊர் வம்பு அத்தனையும் காதில் ஊதுவாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழுமலையிடமிருந்து போன்.

"மாமா, வர முடியாது. இன்னிக்கு எனக்குப் பாடு."

பாடு என்றால் முறை. எங்கள் ஏரியில் இறால் நன்றாக விழும் இடங்களை ஊருக்குள் முறை வைத்துப் பங்கு போட்டுக்கொள்வார்கள். இன்றைக்கு உன் வலை, நாளைக்கு என் வலை. உன் முறை வரும் நாளில் நீ தண்ணீரில் இருக்க வேண்டும். கல்யாணம், காய்ச்சல், மாமா தரும் ஓசி பைக் — எதுவும் கணக்கில் வராது. விட்டால், சுற்றி வந்து அடுத்த முறை கிடைக்கும்வரை கையைப் பிசைந்துகொண்டு உட்கார வேண்டியதுதான்.

எனக்கு அப்பாடா என்று இருந்தது. "அப்ப இன்னொரு நாள் பாத்துக்கலாம் மச்சான்" என்று ஆரம்பித்தேன். பூங்கொடி போனைப் பிடுங்கினாள்.

"ஏழுமல, நாங்களே படகுல ஏத்திக்கினு வரோம். மத்தியானம் சோறு அங்கதான். எறா எடுத்து வை."

இறால் என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு மூளை வேலை செய்யாது. அதுவும் அவளுக்குத் தெரியும்.

வீட்டிலிருந்து படகுத்துறை கூப்பிடு தூரம். நான் ஹேண்டில்பாரைப் பிடிக்க, அவள் பின்னாலிருந்து தள்ள, வண்டியைச் சந்தைக்கு மாடு ஓட்டிப் போவது மாதிரி நடத்திப் போனோம். நான் ஹெல்மெட் போட்டிருந்தேன். ஆமாம், வண்டியைத் தள்ளுவதற்கு. சாலைப் பாதுகாப்பு என்பது சாலையில் கால் வைத்த கணத்திலிருந்தே தொடங்குகிறது என்பது என் கொள்கை.

படகில் ஏற்கெனவே ஆட்கள் இருந்தார்கள். மளிகை மூட்டை, கேஸ் சிலிண்டர், ஐஸ் பெட்டி, கூடையோடு ஒரு நண்டுக்கார அம்மாள். அந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"படகுல போனா லைஃப் ஜாக்கெட்டு போடுவாங்க. இந்தாளு இன்னா ஹெல்மெட்டு போட்டுக்கினு வராரு?"

படகோட்டி கன்னியப்பன் பலகையைப் போட்டு, இரண்டு ஆட்களோடு வண்டியை அலாக்காக உள்ளே ஏற்றினார். நான் நிம்மதியாக ஒரு மூலை தேடி உட்காரப் போனேன்.

"சாரு, எங்க போற? வண்டி மேல ஏறு."

"நான் ஓட்டல அண்ணே. மச்சானுக்குக் குடுக்கத்தான்..."

"யாருக்குனா குடு. அக்கர போற வரைக்கும் வண்டிக்காரன் வண்டி மேல. ஈரப் பலகை, ஸ்டாண்டு வழுக்கும். உன் காலுதான் ஸ்டாண்டு."

இது இந்தப் படகுகளில் வழக்கம். பைக்கை ஏற்றினால் ஆள் அதன் மேல் உட்கார்ந்து, இரண்டு காலையும் படகின் பலகையில் ஊன்றிப் பிடித்துக்கொண்டே வர வேண்டும். அடி தட்டையான படகு ஆடும். ஆடினால் வண்டி சாயும். சாய்ந்தால் காலால் தாங்க வேண்டும். எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்! எனக்கு மட்டும் ஏன் தோன்றவில்லை?

"அண்ணே, எனக்கு இந்தக் காலு ஆபரேஷன் பண்ணது. உள்ள ஸ்டீல் மாதிரி வெச்சிருக்காங்க."

"அப்ப இன்னும் நல்லதாப் போச்சு. பழைய ஸ்டாண்டு தகரம்."

படகே சிரித்தது. பூங்கொடி ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தோள் குலுங்கியதை நான் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

"அண்ணே, சீக்கிரம் ஏறுண்ணே" என்றார் நண்டுக்கார அம்மாள். "நீ ஏர்றதுக்குள்ள என் நண்டு எறங்கி ஊட்டுக்குப் போய்டும்."

ஊர் பார்க்கிறது. என்ன செய்ய? ஹேண்டில்பாரைப் பிடித்தேன். இடது காலில் மொத்த எடையையும் போட்டேன். கண்ணை மூடிக்கொண்டேன். குலதெய்வத்தையும் ஃபிசியோதெரபி பெண்ணையும் வரிசையாக வேண்டிக்கொண்டு, வலது காலைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டேன்.

மளுக்?

இல்லை. ஒன்றும் இல்லை. கண்ணைத் திறந்தால் நான் என் வண்டியின் மேல் உட்கார்ந்திருக்கிறேன். சீட்டில் என் உடம்பின் பள்ளம் அப்படியே இருக்கிறது. இத்தனை நாளும் அது காலியாகக் காத்துக்கொண்டிருந்திருக்கிறது.

படகு கிளம்பியது. என்ஜின் தடதடத்தது; அந்த அதிர்வு பலகை வழியாக டயருக்கு, டயர் வழியாக சீட்டுக்கு, சீட்டு வழியாக எனக்கு. எதிர்ப் படகு ஒன்று போனது. அதன் அலை வந்து இடித்தது. வண்டி இடது பக்கம் சாய்ந்தது. நான் "ஐயோ" என்றேன். அதற்குள் கால் தாங்கிவிட்டது. மறுபடி ஓர் அலை. மறுபடி "ஐயோ", மறுபடி கால். நாலைந்து அலைக்குப் பிறகு கால் தன் வேலையைப் பார்த்துக்கொண்டது. "ஐயோ" மட்டும் நான் வழக்கத்துக்காகச் சொல்லிக்கொண்டிருந்தேன். "எடைய எடது கால்ல மாத்திப் போடுங்க சார்" என்று பொன்னேரியில் அந்த ஃபிசியோ பெண் எப்படியெல்லாம் கெஞ்சியிருப்பாள்! கூழைக்கடாக்கள் முன்னிலையில் ஏரி இலவசமாகச் செய்ய வைத்தது.

காற்று ஹெல்மெட்டுக்குள் புகுந்து விசிலடித்தது. தண்ணீர் இரண்டு பக்கமும் பிளந்துகொண்டு போனது. சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு கட்டத்தில் எனக்குப் படகு மறந்துபோயிற்று. நான் போய்க்கொண்டிருந்தேன்! கை தானாக ஆக்ஸிலரேட்டரை முறுக்கியது. வாய் தானாக "டுர்ர்ர்" என்றது.

பூங்கொடி திரும்பினாள். "இன்னா சத்தம்?"

"கியர் மாத்தினேன்."

முன்னால் கூழைக்கடா. சாவியைத் திருகினேன், ஹார்ன் அடித்தேன். அந்த அகண்ட ஏரியில் "பீப்ப்ப்" என்று அது போன போக்கைக் கேட்க வேண்டுமே! கட்டடம் இல்லை, சுவர் இல்லை, எதிரொலி இல்லை, போய்க்கொண்டே இருந்தது.

"யோவ் சாரு!" கன்னியப்பன் பின்னாலிருந்து கத்தினார். "ஏரில ஆரன் அடிக்கிறியே, சிக்னலு எங்க கீது?"

இன்னொரு தடவை அடித்தேன். நண்டுக்கார அம்மாள், "வுடுண்ணே, கொழந்த ஆசப்படுது" என்றார்.

கழி நட்டு வலை கட்டியிருந்த ஓரிடத்தைத் தாண்டினோம். இடுப்பளவு தண்ணீரில் ஓர் ஆள் நிமிர்ந்தான். ஏழுமலை. ஏரி நடுவில் ஹெல்மெட் போட்டுக்கொண்டு பைக்கில் போகும் மாமாவை ஒரு கணம் வாய் பிளந்து பார்த்தான். பிறகு இரண்டு கையையும் வாயருகே குவித்துக் கத்தினான்.

"மாமா! அது என் வண்டி! ஆரன் தேயப் போவுது!"

என் வண்டி. அந்தச் சொல் சுருக்கென்று குத்தியது. அட, ஆமாம்... கொடுக்கத்தான் போகிறேன். கையை ஹார்னிலிருந்து எடுத்துவிட்டேன்.

அக்கரை வந்தது. பலகை போட்டார்கள். இறங்கலாம் என்று நினைத்தால் கன்னியப்பன், "நீ அப்டியே குந்து, எறங்கி ஏறி லேட் பண்ணாத" என்று சொல்ல, ஆளுக்கொரு பக்கம் பிடித்து வண்டியையும் என்னையும் சேர்த்தே தள்ளினார்கள். வாகனத்தோடு புறப்பட்ட உற்சவமூர்த்தி மாதிரி நான் பலகை மேல் எழுந்தருளினேன். கடைசியில், "போ!" என்று ஒரு தள்ளு.

வண்டி சிமெண்ட் சரிவில் உருண்டது. கைகள் எல்லாம் விலகிவிட்டன. இனி இரண்டே வழி. பிரேக் பிடித்துக் கால் ஊன்ற வேண்டும். அல்லது ஓட்ட வேண்டும்.

இது படகு இல்லை, தரை. நகரும் வண்டியை நிறுத்திக் கால் வைப்பதா? அய்யய்யோ! கால் வைக்கப் பயந்துகொண்டு, பட்டனை அமுக்கி, கியர் போட்டு, ஓட்டிவிட்டேன்!

தைரியத்தில் வண்டி ஓட்டியவர்களைப் பற்றி நீங்கள் நிறையப் படித்திருப்பீர்கள். நிறுத்தப் பயந்து ஓட்டியவனைப் பற்றி இப்போது படிக்கிறீர்கள்.

அந்தக் குப்பத்தில் அம்மன் கோயிலைச் சுற்றி ஒரு சிமெண்ட் ரோடு. போனால், வளைந்து மறுபடி படகுத்துறைக்கே வந்துவிடும். வந்தேன். பூங்கொடி இரண்டு கையிலும் பையோடு நின்றிருந்தாள்.

"நிறுத்துங்க!"

"முடியலடி!" அவளைத் தாண்டிவிட்டேன்.

மறு சுற்று.

"பிரேக்கு கீதா இல்லியா?"

"பிரேக்கு கீது! தெகிரியம்தான் இல்ல!" மறுபடி தாண்டிவிட்டேன்.

அடுத்த சுற்றில் ஆங்காங்கே வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நிற்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒருவர் பயபக்தியோடு பூங்கொடியிடம், "இன்னாக்கா, மாமாக்கு ஏதுனா வேண்டுதலா? வண்டியோட கோயில சுத்தறாரு?" என்று கேட்டது என் காதில் விழுந்தது.

ஆனால் உங்களுக்கு ஒரு ரகசியம் சொல்லட்டுமா? மூன்றாவது சுற்றில் நான் பயத்தில் சுற்றவில்லை. அந்த வளைவில் வண்டி சாய்ந்து திரும்பும்போது... இத்தனை மாதம் கழித்து... காற்றில் கருவாட்டு வாசனை, காலுக்குக் கீழே கியர் "டொக்" என்று விழும் சுகம்... அடடா! நான் வேண்டுமென்றே இன்னொரு சுற்று போனேன். பூங்கொடியிடம் சொல்லவில்லை. இதைப் படித்துத் தெரிந்துகொள்வாள்.

எவ்வளவு நேரம் சுற்ற முடியும்? பெட்ரோல் தீராது, அவள்தான் டேங்கை நிரப்பியிருக்கிறாளே. இறால் ஆறிவிடும். வேகத்தைக் குறைத்தேன். படகில் அத்தனை அலைக்கும் தாங்கிய கால்தானே, என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, பூங்கொடிக்கு நேர் எதிரே பிரேக் பிடித்து, இடது காலை ஊன்றினேன்.

"கரக்!"

"போச்சு! முட்டி போச்சு! ஒடஞ்சிடிச்சி! டாக்டருக்குப் போன் போடு!"

கூட்டம் ஓடி வந்தது. பூங்கொடி பையைக் கீழே வைத்தாள். குனிந்தாள். என் காலைத் தூக்கினாள். செருப்புக்கு அடியிலிருந்து எதையோ எடுத்து என் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

நொறுங்கிய கிளிஞ்சல்.

"இதுதான் ஒங்க முட்டியா?"

கரையெங்கும் கிளிஞ்சல் கொட்டிக் கிடக்கிற ஊரில் பெண் எடுத்தவன், அதை மிதித்த சத்தம் தெரியாமல் டாக்டரைக் கூப்பிட்டான் என்று அந்தக் குப்பத்தில் இனி என் பேரன் காலம் வரைக்கும் சொல்வார்கள். சொல்லட்டும். நான் இரண்டு காலையும் ஊன்றி, வண்டியின் மேல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். சிரித்துக்கொண்டிருந்தேன். கண்ணில் கொஞ்சம் தண்ணீரும் இருந்தது. ஹெல்மெட் போட்டிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. ஹெல்மெட்டின் பயன்கள் ஏராளம்.

மத்தியானம் ஏழுமலை வந்தான். இறால் தொக்கு, இறால் வறுவல், இறால் போட்ட கத்திரிக்காய்க் குழம்பு. நான் ஒரு கையால் சாப்பிட்டேன்; இன்னொரு கை சட்டைப் பையிலிருந்த சாவியை அழுத்திக்கொண்டிருந்தது. கொடுத்த சொல்லை எப்படி முழுங்குவது? வேறு வழியில்லாமல் வண்டியைப் பற்றி அவதூறு பேச ஆரம்பித்தேன்.

"மச்சான், சொல்லக் கூடாது... கிளட்ச் ஒரு மாதிரி இழுக்குது."

"பரவால்ல மாமா."

"செயின் பூரா துரு. மைலேஜ் குடுக்காது. சீட்டு வேற என் சைஸுக்குப் பள்ளமாயிடிச்சி, உனக்கு செட்டாவாது. ஆரனும்..."

"ஆரன் நல்லாத்தான் கீது. ஏரியே கேட்டுச்சி."

ஏழுமலையின் மனைவி சாந்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். பூங்கொடி மும்முரமாக இறால் உரித்துக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே உரித்து வறுத்த இறாலை.

எனக்குச் சந்தேகம் தட்டியது. "இன்னா நடக்குது இங்க?"

சாந்திதான் கதவுக்குப் பின்னாலிருந்து சொன்னாள். "அண்ணே, பாடு எந்த நாளுன்னு முறை போடும்போதே ஊருக்கே தெரியும். இந்த ஞாயித்துக்கெழம எங்க முறைன்னு அக்காவுக்கும் தெரியும்."

நான் ஏழுமலையைப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை என்று நாள் குறித்தவன் அவன்தான். தன் பாடு வரும் நாள் தெரியாமல் எந்த மீனவனாவது வாக்குக் கொடுப்பானா? இந்த ஏரிக்கரையிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு இது ஏன் உறைக்கவில்லை? ஏனென்றால் நான் என் முட்டியைத் தவிர உலகத்தில் வேறு எதையும் யோசிப்பதை நிறுத்திப் பல மாதம் ஆகியிருந்தது.

"அப்ப கன்னியப்பண்ணனும் கூட்டா?"

"அவருக்கு ஒண்ணும் தெரியாது" என்றாள் பூங்கொடி, முதல்முறையாக நிமிர்ந்து. "வண்டி ஏத்தினா யாரா இருந்தாலும் மேல குந்த வெச்சிதான் இட்டாருவாரு. நான் ஏறுங்கன்னா நீங்க காத்து, மாடும்பீங்க. அவருகிட்ட உங்க பருப்பு வேவாதே."

"நெஜமா உனக்கு வண்டி வாணாமா மச்சான்?"

"எனக்கு இன்னாத்துக்கு மாமா? இந்த ஊர்ல இந்தக் கோடில பீடி பத்த வெச்சா, அணையறதுக்குள்ள அந்தக் கோடிக்கு நடந்து பூடலாம். நீ ஒருத்தன்தான் இத்த இம்மாந்தரம் சுத்தியிருக்கே."

வலை எங்கே கட்டினார்கள், எப்போது கட்டினார்கள், ஒன்றும் தெரியாமல் துள்ளிக்கொண்டே போய் விழுந்திருக்கிறேன். தட்டிலிருந்த இறாலைப் பார்த்தேன். முதல்முறையாக அதன் மேல் ஒரு சகோதர பாசம் வந்தது. இருந்தாலும் சாப்பிட்டேன்.

சாயங்காலம் அதே படகு. கன்னியப்பன் வாயைத் திறப்பதற்குள் நான் வண்டி மேல் ஏறி உட்கார்ந்துவிட்டேன். பூங்கொடி மூட்டைகள் பக்கம் போகப் பார்த்தாள்.

"எங்க போற? பின்னாடி ஏறு."

"ஐய, படகுலயா? நாலு பேரு பாத்தா இன்னா சொல்லுவாங்க?"

"காலைல நான் குந்தினு வந்தப்ப அந்த நாலு பேரு எங்க போனாங்க?"

ஏறினாள். தோளில் கை விழுந்தது. ஏரி நடுவில் தண்ணீர் செம்பு நிறமாக மின்னிக்கொண்டிருக்க, சாந்தியின் பக்கத்து வீட்டு மருமகள் யாரோடு பேசுவதில்லை, எதனால் பேசுவதில்லை என்ற முழு விவரமும் என் ஹெல்மெட்டுக்குள் ஊத ஆரம்பித்தாள். எத்தனை மாதம் ஆயிற்று இந்தக் காதுக்கு வேலை வந்து!

மறுநாள் வண்டியிலேயே பொன்னேரி போனேன். கடைத்தெருவில் வழக்கமான நெரிசல். பிரேக் பிடித்தேன், இடது காலை ஊன்றினேன். ஆகா, என்ன ஊன்றல்! மலை மாதிரி. அந்தச் சுகத்திலேயே நின்றுவிட்டேன் போலிருக்கிறது. முன்னால் இருந்த வண்டிகள் எல்லாம் எப்போதோ போய்விட்டிருந்தன. பின்னாலிருந்த லாரிக்காரர் காது கிழிய ஹார்ன் அடித்தார்.

கூழைக்கடாவுக்கு இருந்த பொறுமை இந்த மனிதர்களுக்கு இல்லை.